நந்தியாவட்டைக்கு எந்த வெள்ளை? எண்ணெய் வண்ண டியூப்கள் குறித்து ஒரு மதிப்புரை

எண்ணெய் வண்ணத்தில் அசல் போலவே ஒரு வெள்ளைப் பூவை வரைய விரும்புகிறவர் ஓவியப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போனால், அங்கே வெள்ளை என்ற பெயரில் ஒரே ஒரு டியூப் இருக்காது. டைட்டானியம் வெள்ளை, துத்தநாக வெள்ளை எனப்படும் ஜிங்க் ஒயிட், இரண்டும் கலந்த வெள்ளை, மிக்சிங் ஒயிட், ஈய வெள்ளையான ஃப்ளேக் ஒயிட் என்று நான்கைந்து பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும். மூடியைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். விலை மட்டும் பல மடங்கு வேறுபடும். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் டைட்டானியத்தை எடுத்து நீட்டுவார். அது தவறான பதில் அன்று. ஆனால் வெள்ளைப் பூவைப் பொறுத்தவரை அது பாதிப் பதில்தான். மற்றப் பாதி என்ன என்பதைக் கண்டறிவதற்காக, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளை வகைகளை ஒரே பூவை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த மதிப்புரை நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துவதற்காக எழுதப்பட்டதன்று. டியூபின் உள்ளே இருக்கும் பொருளைப் பற்றியது. ஒரே நிறுவனம் விலை குறைந்த மாணவர் தரத்திலும் விலை கூடிய கலைஞர் தரத்திலும் ஒரே பெயரில் இரு வேறு கலவைகளை விற்கும்போது, நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைப்பதில் பொருள் இல்லை.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒற்றை நந்தியாவட்டை. மல்லிகை சிறிது, பறித்த சில மணி நேரத்தில் வாடியும் விடும். வெண்தாமரை நாள்தோறும் கிடைப்பதில்லை. அடுக்கு நந்தியாவட்டையில் இதழ்கள் மிகுதியாக இருப்பதால் எந்த இதழின் நிழல் எங்கே விழுகிறது என்பதே குழப்பமாகிவிடும். ஒற்றை நந்தியாவட்டையில் ஐந்தே இதழ்கள், அவை அனைத்தும் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறி நிற்கும். நடுவில் மஞ்சள் தொண்டை. பின்னால் பளபளப்பான கரும்பச்சை இலை. வெள்ளை நிறமியைச் சோதிக்க இதைவிடக் கடுமையான தேர்வை நான் அறியேன். ஏனென்றால் இந்தப் பூவில் நான்கு விதமான வெள்ளைகள் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

அந்த நான்கையும் முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் டியூப்களைப் பற்றிய தீர்ப்பு விளங்காது. பூவைச் சன்னலோரம் வைத்து, ஒளி பக்கவாட்டிலிருந்து விழும்படி செய்து, அதன் நிழல் பக்கத்துக்கு அருகே ஒரு வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நாம் வெள்ளை என்று நம்பிய இதழ்களில் பெரும்பகுதி சாம்பல் நிறம் என்பது உடனே தெரியும். ஒளி நேராகப் படும் மேல்விளிம்பு ஒன்றுதான் தாளோடு போட்டியிடும். ஒளி ஊடுருவி வரும் இடத்தில், அதாவது இதழ் ஒற்றைப் படலமாக இருக்கும் இடத்தில், இளமஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வெதுவெதுப்பான நிறம் தோன்றும். அதே இதழின் மேல் அடுத்த இதழ் ஏறியிருக்கும் பகுதியில் ஒளி தடைபட்டு நீலம் தோய்ந்த சாம்பல் படரும். இலைக்கு அருகில் திரும்பிய அடிப்பக்கத்தில் இலையின் பச்சை பிரதிபலிக்கும். ஆகவே ஓவியருக்குத் தேவைப்படுவது, ஒளி படும் சிறு பரப்புக்கு மறைக்கும் ஆற்றல் மிக்க ஒரு வெள்ளை. ஏனைய பெரும் பரப்புக்கு, பிற நிறங்களை அமுக்கிவிடாத, சற்றே ஒளி புகவிடும் ஒரு வெள்ளை. ஒரே டியூப் இரண்டையும் செய்யுமா என்பதுதான் கேள்வி.

டியூபின் முன்புறம் கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம்; பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நிறமிகளுக்கு உலகெங்கும் பொதுவான குறியீடுகள் உண்டு. பி.டபிள்யூ. (PW, அதாவது பிக்மென்ட் ஒயிட்) 6 என்றால் டைட்டானியம் டைஆக்சைடு, பி.டபிள்யூ. 4 என்றால் துத்தநாக ஆக்சைடு, பி.டபிள்யூ. 1 என்றால் ஈயக் கார்பனேட். ‘டைட்டானியம் ஒயிட்’ என்று பெயரிட்ட பல டியூப்களின் பின்புறத்தில் 6, 4 ஆகிய இரண்டு எண்களும் இருக்கும். ‘ஃப்ளேக் ஒயிட் ஹியூ’ என்ற பெயரில் விற்பவற்றில் ஈயம் இருக்காது; ஹியூ என்ற சொல் வந்தாலே அது அந்த நிறத்தின் சாயலை வேறு நிறமிகளைக் கொண்டு உண்டாக்கியது என்று பொருள். அடுத்து, எந்த எண்ணெயில் அரைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஆளி விதை (லின்சீட்) எண்ணெயா, குசும்பா (சாஃப்ளவர்) எண்ணெயா என்பது நிறமியைப் போலவே முக்கியம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இந்த விவரங்கள் எதையும் அச்சிடாத டியூபை நான் வாங்குவதில்லை.

முதலில் டைட்டானியம். டைட்டானியம் டைஆக்சைடு 1910களின் பிற்பகுதியில்தான் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை அளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. ஓவியர்களின் வண்ணத்தட்டுக்கு அது வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. (இதன் மூலக் கனிமங்களான இல்மனைட்டும் ரூட்டைலும் நமது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கறுப்பாகக் கிடக்கின்றன. அந்தக் கறுப்பு மணலிலிருந்து இவ்வளவு வெளுப்பான ஒரு பொடி பிறக்கும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குக்கூட நம்பக் கடினமாக இருக்கும்.) ஒரு நிறமி எண்ணெயில் எவ்வளவு மறைக்கும் என்பது, அந்த நிறமியின் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்) எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆளி விதை எண்ணெய்க்கு அந்த எண் ஏறத்தாழ 1.48. ரூட்டைல் வகை டைட்டானியத்துக்கு 2.7 அளவில், துத்தநாக வெள்ளைக்கும் ஈய வெள்ளைக்கும் 2-ஐ ஒட்டி, சாதாரணச் சுண்ணாம்புக் கல் தூளுக்கு 1.6 அளவில்தான். இதனால்தான் தண்ணீரில் கரைத்துச் சுவரில் பூசினால் பளிச்சென்று தெரியும் சுண்ணாம்புக் கல் தூள், எண்ணெயில் குழைத்ததும் வெண்மையை இழந்து மங்கலான பசையாகிவிடுகிறது. டைட்டானியமோ எண்ணெயிலும் வெளுப்புக் குறையாமல் நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்ப்பது எளிது. ஜெஸ்ஸோ எனப்படும் வெள்ளை அடிப்பூச்சுப் பூசிய அட்டையில் ஒரு தடித்த கறுப்புக் கோடு போட்டு, அது நன்றாகக் காய்ந்த பின் ஒவ்வொரு வெள்ளையையும் பேலட் கத்தியால் ஒரே கனத்தில் அதன் குறுக்கே இழுத்தேன். பி.டபிள்யூ. 6 மட்டும் உள்ள கலைஞர் தர டியூப் ஒரே இழுப்பில் கோட்டை ஏறக்குறைய முழுதாக விழுங்கியது. துத்தநாக வெள்ளையின் அடியில் கோடு தெளிவான சாம்பல் நிறத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. மாணவர் தர டைட்டானியம் இரண்டுக்கும் இடையில் நின்றது. மேல்விளிம்பில் ஒளி படும் இடத்துக்கு எது ஏற்றது என்பதில் இதற்குப் பின் ஐயம் இல்லை: பி.டபிள்யூ. 6 மட்டும் கொண்ட டைட்டானியம். அந்த ஒரு இடத்துக்கு அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கரும்பச்சை இலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் நுனியை, அடியில் உள்ள பச்சை ஏறிவராமல், ஒரே தூரிகை வீச்சில் வைத்துவிட முடிவது இந்த வெள்ளையால் மட்டுமே.

நிழல் பக்கத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. கலவையில் டைட்டானியம் பெருங்காயத்தைப் போன்றது. கொஞ்சம் கூடினாலும் அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அல்ட்ராமரைன் நீலத்தையும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவையும் குழைத்து எடுத்த நல்ல சாம்பல் நிறத்தில் ஒரு துளி டைட்டானியத்தை விட்டால், அந்தச் சாம்பலின் உயிரோட்டம் முழுவதும் போய், குளிர்ந்த, வெளிறிய, மாவு படிந்த ஒரு நிறம் எஞ்சுகிறது. ஓவிய வகுப்புகளில் இதைத்தான் ‘சாக்கி’ என்று சொல்வார்கள். ஒற்றைப் படலமாக ஒளி புகுந்து வரும் இதழை இப்படிப்பட்ட கலவையால் வரைந்தால் அது பிளாஸ்டிக் பூவாகத்தான் தெரியும். புதிதாக வரைபவர்களின் வெள்ளைப் பூக்கள் பலவற்றில் வடிவம் சரியாக இருந்தும் உயிர் இல்லாமற் போவதற்கு வரையும் கை காரணம் அன்று. நிழலுக்கும் ஒளிக்கும் ஒரே வெள்ளையை, அதுவும் மிக வலிமையான வெள்ளையை, பயன்படுத்தியதே காரணம். பழைய ஓவியம் ஒன்றில் இதை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள பிரெஞ்சு ஓவியர் மானேயின், வெண்பியோனிப் பூக்களையும் செடி வெட்டும் கத்தரிக்கோலையும் காட்டும் 1864ஆம் ஆண்டுச் சிறு ஓவியத்தின் படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பூவின் பெரும் பரப்பு சாம்பலும் வெளிர்மஞ்சளுமாகவே இருக்கிறது. தூய வெள்ளை என்று சொல்லத்தக்க வீச்சுகள் சிலவே. அந்தக் காலத்தில் டைட்டானியம் வெள்ளை என்ற பொருளே ஓவியர்களிடம் இல்லை.

அப்படியானால் நிழலுக்குத் துத்தநாக வெள்ளை போதுமே என்று தோன்றும். கலவையில் அதன் நடத்தை மிக இனிமையானது என்பதை மறுக்க முடியாது. வண்ணத்தட்டில் அதே சாம்பலோடு அதைச் சேர்த்தபோது, நீலமும் செம்பழுப்பும் தம் அடையாளத்தை இழக்காமல், படிப்படியாக, அவசரமின்றி வெளுத்தன. இதழின் மேல் இதழ் ஏறும் இடத்தில் மெல்லிய ஒரு படலமாக அதைப் பூசினால், அடியில் இருப்பது தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். நந்தியாவட்டையின் அந்த மென்மை அப்படியே வந்துவிடும். வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் துத்தநாக ஆக்சைடை ‘சைனீஸ் ஒயிட்’ என்ற பெயரில் 1834இல் நீர்வண்ணத்துக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நீர்வண்ணத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் எண்ணெயில்தான். துத்தநாகம் எண்ணெயோடு வினைபுரிந்து உண்டாகும் சேர்மங்களால் காய்ந்த படலம் சில ஆண்டுகளிலேயே விறைத்து, நொறுங்கும் தன்மையைப் பெறுகிறது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எண்ணெய் வண்ணப் படலங்களை நீண்ட காலம் சோதித்து இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அடியில் உள்ள பூச்சிலிருந்து மேல் பூச்சு பெயர்ந்து வருவதும் இதன் விளைவே.

நம் ஊருக்கு இது கூடுதல் கவலை. சட்டத்தில் இழுத்து அடித்த கித்தான், கடலோர நகரத்தின் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சித் தொய்வதும், வெயில் காலத்தில் விறைப்பதுமாக ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டே இருக்கும். அசையும் பரப்பின் மேல் நொறுங்கும் படலத்தை ஏன் வைக்க வேண்டும்? ஆகவே துத்தநாக வெள்ளை மட்டும் அடங்கிய டியூபை, அதன் இனிமையை முழுதாக ஒப்புக்கொண்டே, கித்தானில் வரைபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்.டி.எஃப். அல்லது பிளைவுட் பலகையில் வரைபவர்களுக்கு அபாயம் குறைவு. அவர்களும் அதை மேற்பூச்சில் மெல்லிய படலமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டும் கலந்த வெள்ளையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டைட்டானியம் மட்டும் உள்ள படலம் காய்ந்த பிறகும் சற்று மெத்தென்று இருக்கும் என்பதால், அதை இறுக்குவதற்காகவே உற்பத்தியாளர்கள் சிறிது துத்தநாகத்தைச் சேர்க்கிறார்கள். வேலை செய்ய வசதியான வெள்ளை இது. தூரிகையில் நன்றாகத் தவழ்கிறது. சேர்த்த துத்தநாகம் எவ்வளவு என்பதை டியூபில் யாரும் அச்சிடுவதில்லை என்பதுதான் என் தயக்கம். பயிற்சிக்கு வரைபவர் கவலையின்றி வாங்கலாம். விற்பதற்கோ, பிறருக்குப் பரிசளிப்பதற்கோ வரைபவர் 6 என்ற எண் மட்டும் உள்ளதைத் தேடுவது மேல்.

ஈய வெள்ளை. ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை முதன்மையான வெள்ளை அதுதான். விரைவில் காயும், வளைந்து கொடுக்கும், கலவையில் அடங்கி நடக்கும், சற்றே வெதுவெதுப்பான நிறம் உடையது. அதாவது, வெள்ளைப் பூவுக்கு வேண்டிய குணங்கள் ஏறக்குறைய அனைத்தும் அதில் உண்டு. ஆனால் அது நஞ்சு. குழந்தைகள் நடமாடும் வீட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் வரையும் நம்மில் பெரும்பாலோருக்கு அதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதும் இல்லை. கிடைக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.

எனவே நிழல் பக்கத்துக்கு என்ன செய்வது? இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பார்க்காத விடை மாணவர் தர டைட்டானியத்திடமிருந்து வந்தது. விலையைக் குறைப்பதற்காக இவ்வகை டியூப்களில் நிறமியின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கல் தூள் போன்ற நிரப்பிகளைச் சேர்க்கிறார்கள். மேலே சொன்னபடி, அந்தத் தூள் எண்ணெயில் வெண்மையை இழந்து ஒளி புகவிடும் பொருளாகிவிடுகிறது. மூடும் ஆற்றலைக் கருதினால் இது குறைபாடு. மலிவு விலைக்கு நாம் கொடுக்கும் ஈடு. ஆனால் வெள்ளைப் பூவின் நிழலுக்கு வேண்டியதே இந்தக் குறைபாடுதான். நிரப்பி சேர்ந்த டைட்டானியம் சாம்பல் கலவையை மெதுவாக வெளுக்கச் செய்கிறது, அடி நிறத்தைச் சற்றே காட்டுகிறது, துத்தநாகத்தின் நொறுங்கும் நோயும் அதற்கு இல்லை, பின்புறத்தில் 4 என்ற எண் இல்லாதவரை. நிரப்பியின் காரணமாக அது தூய டைட்டானியத்தைவிட ஒரு மயிரிழை மங்கலாக இருக்கும். நிழலில் அந்த மங்கல் நன்மையே செய்கிறது.

இங்கே ஒரு முறையீடும் உண்டு. மாணவர் தர டியூப்களின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஓர் உற்பத்தியாளரின் டியூபைத் திறந்தபோது முதலில் வந்தது வண்ணமே அன்று. தெளிந்த மஞ்சள் எண்ணெய் சரசரவென்று வழிந்து மூடியின் மரையெல்லாம் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த வண்ணமோ வறண்டு, தூரிகைக்கு அடங்காமல், கயிறு கயிறாக இழுபட்டது. கோடையில் கடையின் கண்ணாடி அலமாரியில் வெயில் பட நெடுநாள் இருந்த சரக்காக இருக்கலாம். வாங்கும்போது டியூபின் கழுத்தை மெல்ல அழுத்திப் பார்ப்பதும், மூடியைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். அப்படி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், செய்தித்தாளின் மேல் வண்ணத்தைப் பிதுக்கி அரை மணி நேரம் விட்டால் மிகுதி எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். பின்பு கத்தியால் நன்றாகக் குழைத்துப் பயன்படுத்தலாம்.

இனி எண்ணெய். வெள்ளைப் பூ வரைபவருக்கு மஞ்சளாவதைப் போன்ற பகை வேறில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்துக் கெட்டியாகிறது. அது ஈரம் உலர்வதைப் போன்ற செயல் அன்று, வேதிவினை. படலம் வலிமையாக இருக்கும், ஆனால் காலப்போக்கில் மஞ்சளிக்கும். குசும்பா எண்ணெயிலும் கசகசா எண்ணெயிலும் அரைத்த வெள்ளை மிகக் குறைவாகவே மஞ்சளிக்கும். அதற்கு ஈடாகப் படலம் சற்று வலுக்குறைவாக இருக்கும், காய்வதற்கும் நாளாகும். ஆளி விதை எண்ணெயில் அரைத்த டைட்டானியம் மெல்லிய பூச்சாக இருந்தால் சில நாள்களில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. குசும்பாவில் அரைத்தது ஒரு வாரம் கடந்தும் விரலில் ஒட்டும். ஆகவே குசும்பா வெள்ளையை அடிப்பூச்சாக வைத்து, அதன் மேல் விரைவில் காயும் வண்ணத்தைப் பூசக் கூடாது. மேலே உள்ளது முன்னால் இறுகி, அடியில் உள்ளது பின்னால் அசையும்போது வெடிப்பு விழும். அடிப்பூச்சுக்கும் இடைப்பூச்சுக்கும் ஆளி விதை. கடைசி ஒளிக்குக் குசும்பா. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்காமல் இருந்தால் போதும்.

மஞ்சளாவதில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஆளி விதை எண்ணெய் வண்ணம் வெளிச்சத்தில் மஞ்சளாவதைவிட இருட்டில்தான் மிகுதியாக மஞ்சளாகிறது. ஒரே வெள்ளையைப் பூசிய அட்டையை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியைச் சுவரில் மாட்டி, மறுபாதியைத் துணி அலமாரிக்குள் வைத்தேன். சில மாதங்கள் கழித்து இரண்டையும் சேர்த்து வைத்தபோது அலமாரிப் பாதி பழைய தந்தத்தின் நிறத்தில் இருந்தது. அதை நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமான சன்னலோரத்தில் வைத்ததும் மஞ்சளில் பெரும்பகுதி மெல்ல மெல்ல விலகியது. முடித்த படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளைப் பூ ஓவியம் சுவரில் இருக்க வேண்டிய பொருள்.

தேர்ந்தெடுத்த இரு டியூப்களையும் கொண்டு பூவை வரையும் முறையையும் சொல்லிவிடுவது முறை; டியூபின் மதிப்பு தட்டில் அன்று, படத்தில்தான் தெரியும். தூய வெள்ளைக் கித்தானில் தொடங்கினால் எந்த வெள்ளையும் எடுபடாது. கண் ஒப்பிடுவதற்கு இருள் வேண்டும். டர்பன்டைனில் நீர்த்த ரா அம்பரை மெல்லப் பூசித் துடைத்து, இடைப்பட்ட பழுப்பு நிறத்தைப் பரப்பாக்கிக்கொண்டு, முதலில் இலைகளையும் பின்புலத்தையும் போட்டுவிட்டேன். இலையின் கரும்பச்சைக்குக் கறுப்பு வண்ணம் தேவையில்லை. அல்ட்ராமரைனும் ரா சியன்னாவும் சிறிது மஞ்சளும் போதும். அதன்பின் பூ முழுவதையும் நிழல் சாம்பலால் மூடினேன், ஒளி படும் இதழையும் சேர்த்து. இந்தச் சாம்பல் தட்டில் இருக்கும்போது அச்சம் தரும் அளவுக்கு இருண்டிருக்கும். கரும்பச்சைக்கு அருகில் வைத்ததும் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். மாணவர் தர டைட்டானியம் இந்தக் கட்டத்தில்தான் தன் வேலையைக் காட்டியது. இதழ் ஏறும் மடிப்புகளில் நீலத்தைச் சற்றுக் கூட்டியும், ஒளி ஊடுருவும் இடங்களில் மஞ்சள் ஓக்கரை ஊசி முனை அளவு சேர்த்தும், அடிப்பக்கத்தில் இலைப் பச்சையைத் தடவியும் வந்தபோது, அந்த மெல்லிய வேறுபாடுகள் ஒன்றும் வெளுத்து அழியாமல் நின்றன. அதே இடத்தைக் கலைஞர் தர டைட்டானியத்தால் வரைந்த மற்றோர் அட்டையில் மூன்று நிறங்களும் ஒரே வெளிறிய நீலமாகச் சமன்பட்டிருந்தன. திருத்துவதற்காகச் சேர்த்த ஓக்கர் அழுக்கைப் போலத் தெரிந்தது.

இடைநிறம் காய்ந்த பிறகே கலைஞர் தர வெள்ளையை எடுக்க வேண்டும். எண்ணெய் எதுவும் சேர்க்காமல், டியூபிலிருந்து வந்தபடியே, மென்மையான செயற்கை இழைத் தூரிகையின் நுனியில் எடுத்து, இதழின் முறுக்கு ஒளியை நோக்கித் திரும்பும் விளிம்பில் சற்றுக் கனமாக வைத்து விட்டுவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. ஐந்து இதழ்களில் இரண்டுக்குத்தான் இந்த ஒளி கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் கொடுக்க வேண்டும் என்று கை துடிக்கும். கொடுத்தால் பூ தட்டையாகிவிடும். இந்தக் கட்டத்துக்குச் செலவாகும் வெள்ளை மிகச் சிறிது. விலையுயர்ந்த டியூபைச் சிறிய அளவில் வாங்கினாலே நெடுங்காலம் வரும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே வாங்கும் பட்டியல் சிறியது. பெரிய டியூபாக ஒரு மாணவர் தர டைட்டானியம், ஆளி விதை எண்ணெயில் அரைத்தது, துத்தநாகம் சேராதது. சிறிய டியூபாக, 37 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவோ, கலைஞர் தர டைட்டானியம், பி.டபிள்யூ. 6 மட்டும் கொண்டது, கிடைத்தால் குசும்பா எண்ணெயில் அரைத்தது. பணம் ஒரு டியூபுக்கு மட்டுமே இருக்கிறது என்றால் மாணவர் தரத்தை வாங்குங்கள். ஒளி விளிம்பில் அதை இரண்டு முறை, முதற்பூச்சு காய்ந்த பின் இரண்டாவது என்று வைத்தால், ஏறக்குறைய ஈடுகட்டிவிடலாம். ஆனால் கலைஞர் தரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிழலைக் காப்பாற்றுவதற்கு நல்ல பயிற்சி வேண்டும். மிக்சிங் ஒயிட் என்ற பெயரில் வருபவற்றில் உள்ள நிறமி டியூபுக்கு டியூப் மாறுவதால், பின்புறத்தைப் படிக்காமல் அவற்றைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

சுண்ணாம்புக் கல் தூளைத் தனியாக வாங்கி, ஆளி விதை எண்ணெயில் குழைத்து, கலைஞர் தர டைட்டானியத்தோடு தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஒளி புகும் அளவை நாமே தீர்மானிக்கலாம் என்பது அதன் நன்மை; எண்ணெய் கூடிவிட்டால் மஞ்சளாவதும் கூடும் என்பது அதன் விலை. பொறுமையுள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். எனக்கு டியூபே போதுமானதாக இருக்கிறது. வார்னிஷ் பூசுவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். கனமாக வைத்த வெள்ளை வெளியே காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே மெத்தென்றுதான் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை காத்திருந்து, மஞ்சளாகாத செயற்கைப் பிசின் வார்னிஷை மெல்லிதாகப் பூசுங்கள். மரப்பிசினால் ஆன டமார் வார்னிஷ் தானே மஞ்சளாகும் இயல்புடையது என்பதால், இந்தப் பூவுக்கு அது வேண்டாம்.